கல்லெறி அறியாத நாய்

எங்கள் வீட்டில் கோபப்படுவது என்னுடைய வேலை. கவுன்சிலுக்குப் போன் எடுத்துக் கத்துவது, பக்கத்து வீட்டுக்காரன் தன் குப்பைத்தொட்டியை எங்கள் வாசலுக்குத் தள்ளிவிட்டால் போய்க் கதவைத் தட்டுவது, பிள்ளைகள் வீட்டில் இருந்த காலத்தில் அவர்களை அதட்டியது எல்லாம் நான்தான். கோபம் வரவேண்டிய இடத்தில் என் கணவருக்குச் சிரிப்புத்தான் வரும். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து எங்கள் வண்டி இப்படித்தான் ஓடியது.

அவர் லண்டனில், மோர்டனில் ஒரு தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிறார். வெட்டினார் என்று சொல்லவேண்டும். பாறை, விளை, அறக்குளா என்று எது வந்தாலும் குழம்புக்கு ஒரு மாதிரி, பொரிக்க ஒரு மாதிரி, சொதிக்கு ஒரு மாதிரி வெட்டிக் கொடுப்பார். இவ்வளவு காலம் கத்தியோடு புழங்கியும் அவர் கையில் ஒரு கீறல் கிடையாது. சனிக்கிழமைகளில் பக்கத்து ஊர் சட்டனிலிருந்து வரும் பெண்கள், பக்கத்தில் மற்ற ஆள் சும்மா நின்றாலும் அவரிடம் கொடுக்காமல் இவருக்காகக் காத்து நிற்பார்கள். அந்தப் பெருமையை அவர் வாயால் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து எலுமிச்சம்பழம் தேய்த்துக் கை கழுவிவிட்டு, விரல்களை விரித்து விளக்குக்குக் கீழே ஒருமுறை திருப்பிப் பார்ப்பார். அவ்வளவுதான்.

அவருக்கு இரத்தத்தில் சீனி கூடிவிட்டது என்று டொக்டர் சொன்ன பிறகுதான் சைக்கிள் வந்தது. நடக்கச் சொன்னார்கள். கிழமை முழுக்க நின்றே வேலை செய்கிற மனிதருக்கு நடக்க மனம் வரவில்லை. இரண்டு பழைய சைக்கிள்களை வாங்கிவந்து, ஒன்று உமக்கு என்றார். யாழ்ப்பாணத்தில் டியூசனுக்குச் சைக்கிளில் போனதோடு சரி, அதற்குப் பிறகு நான் ஏறியதில்லை. முழங்கால் நோகும், ஹெல்மெட் போட்டால் தலை இடிக்கும் என்று வாயில் வந்த எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே டயருக்குக் காற்றடித்தார்.

எங்களுக்குப் பிடித்துப்போன பாதை லண்டனைத் தாண்டித் தெற்கே இருந்தது. ஒரு காலத்தில் அங்கே ஓடிய இரண்டு கிளை ரயில் பாதைகளைச் சைக்கிள் பாதையாக்கி வைத்திருக்கிறார்கள். ஞாயிறு காலை சைக்கிள்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு போய் இறங்குவோம். ஒரு பாதையால் போய், நடுவில் கிராமத்துத் தெருக்களைக் கடந்து, மற்றப் பாதையால் திரும்பினால் பெரிய வட்டம் ஒன்று முடியும். இறங்கிய ஸ்டேஷனுக்கே வந்து சேரலாம். ரயில் ஏறிப்போன இடம் என்பதால் மூச்சு வாங்குகிற ஏற்றம் எதுவும் கிடையாது. சில இடங்களில் இரண்டு பக்கமும் மண் உயர்ந்து நிற்கும், பகலிலும் குளிரும். சில இடங்களில் நிலம் தாழ்ந்துபோய், நாங்கள் வயல்களுக்கும் ஆடுகளுக்கும் மேலே போய்க்கொண்டிருப்போம். தலைக்கு மேலே வரும் செங்கல் பாலங்களின் அடிவயிற்றில் அந்தக் காலத்துப் புகைக்கரி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தண்டவாளம் இல்லாத ரயில் பாதை எங்களுக்குப் புதினமில்லை. யுத்தத்தில் எங்கள் பக்கத்துத் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குக் கூரையாகப் போயின. இங்கே இலாபமில்லை என்று கழற்றிவிட்டு, உட்கார வாங்குகள் போட்டு, பறவைகளின் படம் வரைந்த பலகைகள் நட்டிருக்கிறார்கள். என் கணவர் ஒவ்வொரு பலகைக்கும் இறங்கி நின்று வாசிப்பார். ரயிலே இல்லாத பாதைக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் கேட்பேன். குண்டு விழாத நாட்டில் மனிசருக்கு நேரமிருக்கும் என்று சொல்லிவிட்டு அதற்கும் சிரிப்பார்.

அந்த ஞாயிறு பாதையோரப் பற்றைகளில் பிளாக்பெரி பழுத்துக் கறுத்துக் கிடந்த காலம். முதல் பாதையை முடித்து, கிராமத்தில் தேநீர் குடித்துவிட்டு, இரண்டாவது பாதையால் திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். மெதுவாக ஓட்டுகிறார் என்று திட்டிக்கொண்டு வந்தேன். வேகமாக ஓட்டியிருந்தால் அதற்கும் திட்டியிருப்பேன். பழைய ஸ்டேஷன் ஒன்றின் பிளாட்பாரம் காஞ்சோண்டிச் செடிக்குள் புதைந்து கிடக்கும் இடம் வந்தது. அதைத் தாண்டியதும், மழைத்தண்ணீர் போக வாய்க்கால் தோண்டியிருந்தார்கள். மண்ணுக்கு அடியில் கிடந்த ரயில் பாதைச் சல்லிக்கற்கள் வெளியே வந்து ஓரத்தில் குவிந்திருந்தன. கைமுட்டியளவு கற்கள், கறுப்பு, விளிம்பெல்லாம் கூர்.

எதிரே ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்துகொண்டிருந்தாள். என் வயதிருக்கும். முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து, கையில் சுருட்டிப் பிடித்த சங்கிலி. சங்கிலிதான் கையில் இருந்தது, நாய் அவளுக்கு வெகு முன்னால் வந்துகொண்டிருந்தது. சாம்பல் நிறம். உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. எங்களைக் கண்டதும் ஒரு கணம் நின்றது, பிறகு ஓடிவந்தது. குரைக்கவில்லை.

அவர் சைக்கிளிலிருந்து இறங்கி எனக்கும் நாய்க்கும் நடுவில் வந்து நின்றார். பிறகு குனிந்தார்.

இதை எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஊரில் எந்த நாய் வந்தாலும் குனிந்தால் போதும். கை நிலத்தைத் தொடும் முன்னமே நாய் வாலைக் காலுக்குள் விட்டுக்கொண்டு ஓடிவிடும். கல் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. என் கணவர் வாழ்க்கையில் ஒரு நாய்க்கும் கல்லெறிந்ததில்லை, அதற்கு அவருக்கு மனமும் வராது, குனிவதோடு சரி. லண்டனுக்கு வந்து இத்தனை வருடமாகியும் அந்தப் பழக்கம் இடுப்பில் அப்படியே இருந்திருக்கிறது. ஆனால் ஊர் நாய் ஓடுவது, அதற்கு முன்பு எத்தனையோ பேரிடம் அது கல்லெறி வாங்கியிருப்பதால். இந்த நாய்க்கு யாரும் கல் எறிந்ததில்லை. சோபாவில் படுத்து, தகரப் பேணியில் வரும் இறைச்சி தின்று வளர்ந்த நாய். ஒரு மனிதன் தன் முகத்தையும் கையையும் அதன் வாயின் உயரத்துக்குக் கொண்டுவருகிறான் என்பது மட்டும்தான் அதற்குத் தெரிந்தது.

கல்லை நோக்கிப் போன அவருடைய வலது கையை அது கவ்வியது. பற்கள் விரல்களுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இறங்கி மறுபக்கம் வந்தன. அவர் முதலில் கத்தவில்லை, ஆச்சரியப்பட்டவர்போல் பார்த்தார். பிறகு நாய் தலையை உதறத் தொடங்கியது. துணி துவைக்கிறவர்கள் உதறுவதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். ஒவ்வொரு உதறலுக்கும் அவர் உடம்பு முழுவதும் நிலத்தில் இழுபட்டது. அப்போதுதான் கத்தினார். இத்தனை வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

நான் சைக்கிளைத் தூக்கி நாய்க்கு மேல் போட்டேன். அது அசையவில்லை. விலாவில் உதைத்தேன், என் கால்தான் நொந்தது. தண்ணீர்ப் போத்தலால் அடித்தேன், போத்தல் உடைந்து தண்ணீரும் இரத்தமும் ஒன்றாய் ஓடியது. அந்தப் பெண் ஓடிவந்தாள். விளையாடத்தான் வந்தான், பயப்படாதே, அசையாமல் நில் என்று கத்திக்கொண்டு வந்தாள். கிட்ட வந்து கையின் நிலையைக் கண்டபிறகு நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்துப் பின்னால் இழுக்கத் தொடங்கினாள். இழுக்க இழுக்கச் சதையும் சேர்ந்து வந்தது. ஏதோ நரம்பு வெள்ளையாய் நீண்டு வந்ததைப் பார்த்தேன். இழுக்காதே என்று நான் தமிழில் கத்தினேன். இங்கிலீஷ் அந்த நேரம் என்னிடம் இருக்கவில்லை.

அப்போது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. அந்தக் கை போனால் இந்த மனிதர் போய்விடுவார். கத்தி பிடிக்கிற கை, எலுமிச்சம்பழம் தேய்த்து விளக்கில் பார்க்கிற கை. குவியலில் ஒரு கல்லை எடுத்தேன். முதல் அடி நாயின் முதுகில் விழுந்தது, ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தோளில். பிறகு இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்து, கண்ணுக்கு மேலே, நெற்றியில் அடித்தேன். தேங்காய் உடைகிற சத்தம். அது என் முகத்துக்கு நேரே பார்த்தது. மஞ்சள் கண். இன்னும் அடித்தேன். கல் வழுக்கியது, இரத்தத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி அடித்தேன். ஒரு கண் உள்ளே போனது. கால்கள் விரிந்து படுத்தன. தலையின் ஒரு பக்கம் தாழ்ந்து, உருவம் மாறி, அது நாயின் முகமாகவே தெரியாமல் போகும்வரை அடித்தேன்.

அந்தப் பெண் நாய்க்கு மேல் விழுந்து அதை மூடிக்கொண்டாள். என் அடுத்த அடி அவள் முழங்கையில் பட்டது. அவள் எழுந்து சங்கிலியால் என் முகத்தில் விளாசினாள். சங்கிலி நுனியில் இருந்த இரும்புக் கொளுவி என் கன்னத்தைக் கிழித்தது. நான் ஒரு கையில் கல்லோடு, மற்றக் கையால் அவள் தலைமயிரைப் பிடித்தேன். ஒருவருடைய இரத்தம் ஒருவரில் பூசிக்கொண்டு, நாய்க்கும் சைக்கிளுக்கும் மேலே புரண்டோம். அவள் என் பெருவிரலைக் கடித்தாள். நான் அவள் வயிற்றில் முழங்காலால் இடித்தேன். சந்தையில் சண்டை பிடிக்கிற பெண்களைப் பார்த்து முகம் சுளித்த ஆள் நான்.

பின்னால் வந்த இரண்டு சைக்கிள்காரர்கள் எங்களைப் பிரித்தார்கள். பிரித்தார்கள் என்றால், என்னைத்தான் பிடித்தார்கள். ஒருவன் என் இரண்டு கைகளையும் பின்னால் மடக்கி, அமைதி அமைதி என்று காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். அவளை யாரும் பிடிக்கவில்லை. கையில் கல்லோடு நிற்கிறவளைத்தானே பிடிப்பார்கள். மற்றவன் நல்லவன், வேலை தெரிந்தவன். தன் பையிலிருந்த சைக்கிள் டியூப்பை எடுத்து என் கணவரின் முழங்கைக்குக் கீழே இறுக்கிச் சுற்றினான், சட்டையைக் கழற்றிக் கையைப் பொதிந்து உயர்த்திப் பிடித்தான். இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

ஆம்புலன்ஸ் பாதைக்குள் வர முடியவில்லை. மோட்டார் சைக்கிள் வராமலிருக்க இரும்புத் தடுப்புப் போட்டிருக்கிறார்கள். தெருவரை அவரைத் தூக்குக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பக்கத்தில் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் பாதை நடுவில் கால் நீட்டி உட்கார்ந்து, நாயின் தலையை மடியில் வைத்து, பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் அதைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். எங்கள் செத்த வீடுகளில் அழுகிற அதே அழுகை. எனக்குப் பாவமாக இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் கையை வெட்டித் தைத்தார்கள். மோதிர விரலையும் சுண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். பெருவிரலை மடக்குகிற நரம்பை ஒட்டினார்கள், அது வேலை செய்யுமா என்று பொறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றாள் டொக்டர். கத்தி பிடிக்கலாமா என்று நான் கேட்டேன். முதலில் ஒரு கோப்பையைப் பிடிக்கட்டும் என்றாள். கட்டிலில் கிடந்தவர் அதைக் கேட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

என் கன்னத்துத் தையல் ஆறும் முன்னமே பொலிஸ்காரி ஒருத்தி வாக்குமூலம் எடுக்க வந்தாள். என் கணவர்தான் முதலில் கல்லெடுத்து எறிய வந்தார் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். எறியவில்லை, எடுக்கவுமில்லை, குனிந்தவர் மட்டும்தான் என்றேன். நாய் ஓடிவரும்போது ஒருவர் ஏன் குனியவேண்டும் என்று அவளுக்கு விளங்கவில்லை. குனிந்தால் நாய் ஓடும் என்றேன். எந்த நாய் என்று கேட்டாள். எங்கள் நாட்டில் எல்லா நாயும் என்று சொல்லும்போதே எனக்கு வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நாய் எப்போது கையை விட்டது என்று அடுத்ததாகக் கேட்டாள். சாகும்வரை விடவில்லை என்றேன். அப்படியே எழுதிக்கொண்டாள். என் மேல் வழக்கு ஒன்றும் வரவில்லை.

அவர் வீட்டுக்கு வந்தபிறகு கோயிலில் பழக்கமானவர்களும் கடையில் வேலை செய்கிறவர்களும் பழத்தோடும் பால்மாவோடும் பார்க்க வந்தார்கள். எல்லோருக்கும் நான்தான் கதை சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு நன்றாக வந்தது. எந்தப் பக்கம் நின்றேன், கல்லை எப்படிப் பிடித்தேன் என்று எழுந்து நின்று காட்டினேன். பெண்கள் நெஞ்சில் கை வைத்தார்கள். நீ இல்லாவிட்டால் மனிசன் அன்றைக்கே முடிந்திருப்பார் என்றார்கள். கடையில் அவரோடு நின்றவர் மட்டும், அண்ணை இனி அக்காவோடு வாய் காட்டாமல் இருக்கவேண்டும் என்று பகிடி விட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதற்கும் சிரிக்கிற மனிதர் சிரிக்கவில்லை. நித்திரை வருகிறது என்று மேலே போய்விட்டார்.

விரல் போன கவலை என்று நினைத்தேன். கடையில் அவர் இடத்தில் இப்போது வேறொருவர் வெட்டுகிறார், அந்தக் கவலையும் இருக்கும். நேரம் கொடுக்கவேண்டும் என்று பிள்ளைகளும் போனில் சொன்னார்கள். ஆனால் அவர் என்னை இஞ்சாரும் என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். ஏதாவது வேண்டுமென்றால் தானே எழுந்து தேடுவார். இரவில் கட்டு மாற்றும்போது கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொள்வார்.

சாப்பாடுதான் பெரிய பாடாகப் போயிற்று. வலது கை கட்டுக்குள் கிடந்தது. இடது கையால் சோற்றைத் தொட அவருக்கு மனம் வரவில்லை, எங்களில் யாருக்கு வரும். இடது கையில் கரண்டியைப் பிடித்துப் பார்த்தார். பாதி வாய்க்கும் பாதி மடிக்கும் போனது. பிறகு பாணும் பிஸ்கட்டும் போதும் என்றார். சீனி வருத்தக்காரர் பிஸ்கட்டில் எத்தனை நாள் இருப்பது? ஒரு மத்தியானம் எனக்குப் பொறுமை போய்விட்டது. கரண்டியைப் பிடுங்கிக் கழுவுதொட்டிக்குள் எறிந்தேன். சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் போட்டு, பொரித்த மீனில் முள்ளெடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாய்க் குழைத்தேன். பிள்ளைகளுக்குத் தீத்துவதுபோல் ஒரு உருண்டை பிடித்து அவர் வாய்க்குக் கொண்டுபோனேன்.

கை கிட்டப் போனதும் அவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

சுடுகிறதாக்கும் என்று ஊதினேன். மறுபடி கொண்டுபோனேன். மறுபடியும் கண்ணை மூடினார். தோள் இரண்டும் காதுவரை உயர்ந்தன. அடி விழப்போகிறது என்று நினைக்கிற மனிதர் இருக்கிற இருப்பு அது. நான் ஒரு நாளும் அவருக்குக் கை ஓங்கியதில்லை, வாயோடு சரி. எனக்குத் தலைக்கேறியது. நான் என்ன நஞ்சா தீத்துகிறேன், கண்ணைத் திறந்து சாப்பிடுங்கள் என்று கத்தினேன்.

அவர் கண்ணைத் திறந்து, என் முகத்தைப் பார்க்காமல், உருண்டை இருந்த கையைப் பார்த்தார்.

"அது விட்டிட்டுது," என்றார்.

எது என்று கேட்டேன்.

"நாய். ரெண்டாம் அடியோட என்ர கையை விட்டிட்டுது. நான் கையை இழுத்து நெஞ்சோட வைச்சுக்கொண்டு, காணும், காணும் எண்டு கத்தினனான். நீர் நிப்பாட்டேல்லை. அது ஊளையிட்டுக்கொண்டு பின்னால போகப் பாத்தது, நீர் காலில பிடிச்சு இழுத்து அடிச்சனீர். நான் கத்தினது உமக்குக் கேக்கேல்லையோ?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். இரத்தம், சத்தம், அந்தப் பெண்ணின் கூச்சல், எதையும் காரணம் சொல்லலாம். அவர் நம்புவதற்குத் தயாராக இருந்தார். நம்பவேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் கேட்டார், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கட்டுப் போட்ட கை மேசைமேல் கிடந்தது. என் விரல்களுக்குள் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"ஓம், கேட்டது," என்றேன். "வாயைத் திறவுங்கோ."

அவர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.